தட்டு விட்டுத் தட்டு

அந்த நாற்காலியிலேயே உட்காருங்கள். காலிதான். யாரும் வரமாட்டார்கள். நான்கு மாதமாக வராதவர்கள் இன்றைக்கு மட்டும் வந்துவிடப் போகிறார்களா?

மூன்று நாள் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருப்பார்கள். நல்ல ஏற்பாடு. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், முடிவுதான் இன்னும் சொல்லவில்லை. மருதமலை ஜன்னல் வழியாகத் தெரியும் என்று படம் போட்டுக் காட்டினார்களா? தெரியும். மேகம் இல்லாத நாளில், தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கமாக, மிச்சம் இருக்கும் அளவுக்குத் தெரியும்.

என் பெயர் மங்கையர்க்கரசி. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் அரசியல் அறிவியல் நடத்தினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லோரும் இரண்டாவது நாள்தான் கேட்பார்கள்; உங்களுக்கு ஒரு நாள் மிச்சம். இந்த முதியோர் குடியிருப்பில் உணவுச் சமநிலைக் குழுவின் தலைவி நான். சிரிக்காதீர்கள். முறையாகத் தேர்தல் நடந்தது. எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அது என் குற்றமா?

மணி பன்னிரண்டேகால்தான். பன்னிரண்டரைக்குப் பரிமாறுவார்கள். அதற்குள் தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சாப்பிடத் தெரியாமல் விழிப்பீர்கள். எழுபது வருடம் தப்பாகச் சாப்பிட்டு எப்படியோ உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்கு இங்கே சரியாகச் சாப்பிடக் கற்றுத் தருகிறார்கள்.

யாழினி என்று ஒரு பெண். உணவியல் நிபுணர். இருபத்தாறு வயது. திங்களும் வியாழனும் வருவாள். எங்களையெல்லாம் ‘யங் லேடீஸ்’ என்று கூப்பிடுவாள். மன்னித்துவிட்டோம். அவள்தான் இந்த அறை பிரித்த எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்தாள். பாதித் தட்டு காய்கறி. கால் தட்டு சோறோ சப்பாத்தியோ, அதாவது மாவுச்சத்து. இன்னொரு கால் புரதம், அதாவது சுண்டல். பருப்பு, பனீர் என்றெல்லாம் பட்டியலில் இருக்கும், வருவது சுண்டல். கொழுப்புக்குத் தட்டில் சொந்த இடம் கிடையாது. ஒரு ஸ்பூன் எண்ணெயாகவோ தேங்காயாகவோ எதற்குள்ளாவது ஒளிந்துகொண்டு வரலாம், வாடகை பாக்கிக்காரன் வீட்டுக்கு வருகிற மாதிரி.

இந்த அட்டை இருக்கிறதே, என் டம்ளருக்குப் பக்கத்தில், மஞ்சள், இது சர்க்கரைக்காரர்களுக்கு. எனக்குச் சோறு இரண்டு கரண்டி. உருளைக்கிழங்கு கண்ணால் பார்க்கலாம். ஆனால் தேங்காய் உண்டு, நெய் கொஞ்சம் உண்டு. நீல அட்டை, ரத்தத்தில் கொழுப்பு ஏறியவர்களுக்கு. அவர்களுக்குச் சோறு உண்டு, தேங்காய் கிடையாது. உங்களுக்கு வெள்ளை. விருந்தாளிக்கு எல்லாச் சத்தும் உண்டு. அனுபவியுங்கள், மூன்று நாள்தானே.

இப்போது நீங்களே சொல்லுங்கள். ஒரே மேசையில் எதிரும் புதிருமாக ஒரு மஞ்சளையும் ஒரு நீலத்தையும் உட்கார வைத்தால் என்ன நடக்கும்? ஒருத்தி தட்டில் அவியல் இருக்கிறது, சோறு இல்லை. இன்னொருத்தி தட்டில் சோறு இருக்கிறது, அவியல் இல்லை. நடுவில் ஒரு முழம் மேசை. சட்டம் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் யோசிக்க வேண்டாமா?

உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் பெயர் ஆவுடையம்மாள், என் எதிர்வீட்டுக்காரி. திருநெல்வேலி. சைவப் பிள்ளைமார் வீடு. கணவர் மின்வாரியத்தில் இருந்தார், இறந்து ஏழு வருடம். மகன் புனேயில். எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பேச ஆரம்பித்தால் என்னுடைய முதுகலை எழுந்து நின்று வழிவிடும். இங்கே எல்லோரும் என்னை மேடம் என்பார்கள். காவல்காரர் மேடம், மேலாளர் மேடம், பக்கத்து வீட்டு நீதிபதிகூட மேடம். ஆவுடை மட்டும் முதல் நாளே, அவர்கள் ஊரில் சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி, ‘ஏட்டி’ என்றாள். எழுபத்துநாலு வயதில் என்னை ஏட்டி என்று கூப்பிட ஒருத்தி இருந்தாள். எனக்குப் பிடிக்கவில்லைதான். திருத்தவும் நேரம் கிடைக்கவில்லை, நான்கு வருடமாக.

அவளிடம் ஒரு வியாதி இருந்தது. எச்சில் பார்ப்பாள். சாதாரணமாக இல்லை. டம்ளரை உதட்டில் வைக்கமாட்டாள், அண்ணாந்துதான் குடிப்பாள். சாப்பிட்ட கையால் கரண்டியைத் தொட்டவர் பக்கம் திரும்பமாட்டாள். கல்யாணத்தன்று புருஷன் சாப்பிட்ட இலையில் சாப்பிடச் சொன்னார்களாம். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டாளாம். “ஐம்பது வருசம் அவரோட குடும்பம் நடத்துனேன், அவரு எலையில ஒரு பருக்கை எடுத்ததில்ல. அவரும் கடைசிவரைக்கும் அந்தக் காய்ச்சலைப் பத்திக் கேக்கல” என்பாள். பேரப்பிள்ளை கடித்த மிட்டாயை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அதற்காக மருமகள் ஒரு மாதம் பேசவில்லையாம். அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் தம்பி இறந்துபோனான். ஒரே தம்பி. எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பி வந்து இதே மேசையில் உட்கார்ந்தேன். என் இரண்டு கரண்டிச் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் இரண்டு கரண்டி, ஏன் ஒன்றோ மூன்றோ இல்லை என்று யோசித்துக்கொண்டிருந்ததாக ஞாபகம்.

“ஏட்டி, சோத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா அது தானா வயித்துக்குள்ள போயிருமா?”

அவள் தன் தட்டிலிருந்து, பிசைந்துகொண்டிருந்த கையாலேயே, ஒரு பிடி ரசஞ்சோற்றை எடுத்து என் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு, அதே கையால் என் தட்டிலிருந்த அவியலை வழித்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு, “உப்பு கம்மி” என்றாள்.

நான் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவளுடைய சோறு இங்கே வரும், என்னுடைய தேங்காய் அங்கே போகும். சுண்டலை மட்டும் இருவரும் ஒருவர் தட்டில் ஒருவர் தள்ளிக்கொண்டே இருப்போம். கடைசியில் யார் தட்டில் நிற்கிறதோ அவள் தின்ன வேண்டும். “கொண்டைக்கடலைய ஊற வெக்கலாம்னு கண்டுபிடிச்சவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்” என்பாள். இரண்டு தட்டையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாச் சத்தும் சரியாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் யாழினி தட்டைத் தனித்தனியாகப் பார்க்கிறவள். படித்தவள் இல்லையா.

இந்த வருடம் மே மாதம் ரத்தப் பரிசோதனை. எனக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எட்டு புள்ளி ஆறு. ஆவுடைக்குக் கொழுப்பு, மலையேறுகிறவன் மாதிரி நிற்காமல் ஏறியிருந்தது. யாழினிக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் அளந்து போடுகிறோம், தட்டெல்லாம் காலியாகித் திரும்பி வருகிறது, அப்புறம் எப்படி? நிர்வாகம் விசாரணை வைத்தது. சமையல்காரர் மாரியப்பனைக் கூப்பிட்டு, எண்ணெயை மாற்றினாயா, சர்க்கரை கலந்தாயா என்று கேட்டார்கள். அந்த மனிதர் கைகட்டி நின்று, “அளந்துதானுங்க போடறேன். வேணும்னா என்ற கரண்டிய எடை போட்டுப் பாருங்க” என்றார். போட்டார்கள். கரண்டியை உண்மையாகவே எடை போட்டார்கள். கரண்டி நிரபராதி. ஆனாலும் ஜூன் முதல் தேதியிலிருந்து வேறு ஆள் என்று முடிவாகிவிட்டது.

நான் குழுத் தலைவி. உண்மை எனக்குத் தெரியும். ஒரு மனிதருடைய வேலை போகிறது. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

எழுந்து, நாங்கள்தான் மாற்றிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம். ஆனால் அது தனிநபர் வாக்குமூலம். ஒரு தனிநபர் தவறை ஒத்துக்கொண்டால் அந்தத் தவறு மட்டும்தான் தீரும். விதி ஒன்று கொண்டுவந்தால் தவறே தீரும். முப்பத்தொரு வருடம் இதைத்தான் பாடம் நடத்தினேன். மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். நல்ல தமிழ். இன்னும் அந்தப் பலகையில் ஒட்டியிருக்கிறது, கை கழுவப் போகும்போது படித்துப் பாருங்கள். ‘தட்டு விட்டுத் தட்டு உணவு மாற்றம் அறவே கூடாது. சமநிலை ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியே கணிக்கப்படுவதால்; மேலும், ஒருவர் எச்சிலை மற்றவர் உண்பது அருவருக்கத்தக்கதும் சுகாதாரக் கேடானதும் என்பதால்.’

அந்த ‘மேலும்’ எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒரே காரணத்தில் நிற்கிற விதி ஒற்றைக் காலில் நிற்கிற விதி. யாராவது தள்ளினால் விழுந்துவிடும். இரண்டாவது கால் வேண்டும். கையில் கிடைத்த வார்த்தையைப் போட்டேன். அவ்வளவுதான். அதில் வேறு எந்த உள்நோக்கமும் கிடையாது.

கூட்டத்தில் நானே வாசித்தேன். ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் குரலுக்கு அது தேவைப்பட்டதில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். காரணம் தட்டில்தான் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது; வேலை தப்பிய மாரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆவுடை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் கிட்டே வந்தாள்.

“ஏட்டி, இதை நீயா எழுதுனே?”

“நானேதான். ஏன், தமிழ் நன்றாக இல்லையா?”

“தமிழ் நல்லாத்தான் இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அவள் யாரையும் லேசில் பாராட்டுகிறவள் இல்லை.

மறுநாள் மதியம் இங்கேதான் உட்கார்ந்தாள். சோறு வந்தது. அவியலும் வந்தது. விதி எழுதியது மண்டைதானே, கைக்கு யார் சொன்னது? என் கை பாட்டுக்கு அவியலை அவள் பக்கம் நகர்த்திவிட்டது. அவள் இடது கையால் தன் தட்டை மூடிக்கொண்டாள்.

“எச்சில்” என்றாள்.

ஒரே ஒரு வார்த்தை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடைக்காரர் ‘தீந்துபோச்சு’ என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதற்கு மறுநாள் ஆறாம் மேசைக்குப் போய்விட்டாள். அதோ, தூணுக்கு அந்தப் பக்கம், வெள்ளைப் புடவை, நீலக் கரை. பக்கத்தில் இருப்பவர்கள் ரயில்வே கார்டு தம்பதி. அவர் கரூரில் ரயில் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். நான்கு மாதமாக அந்த ரயில் இன்னும் புறப்படவில்லை.

எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. மேசை விசாலமாகிவிட்டது. செய்தித்தாளை முழுதாக விரித்து வைத்துச் சாப்பிடலாம். பலனும் தெரிந்தது. செப்டம்பரில் என் சராசரி ஆறு புள்ளி ஒன்பது. யாழினி எல்லோர் முன்னாலும் கை தட்டி, ஒரு மரக்கன்று கொடுத்தாள். நடுவதற்கு இடம் இல்லை, வாளியில் இருக்கிறது. ஆவுடைக்கும் கொழுப்பு இறங்கிவிட்டது. விதி என்றால் அதுதான் விதி. இங்கே முழுதாகக் கடைப்பிடிக்கிறவள் அவள் ஒருத்திதான். கார்டு மனைவி எதையாவது நீட்டிக்கொண்டே இருப்பார். ஒரு நாள்கூட அவள் கை வேறு தட்டுக்குப் போகவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தலைவி பார்க்காமல் யார் பார்ப்பது?

அவளுக்கு எடையும் இறங்கியது. அதுதான் கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு இருந்தவள் நாற்பத்தைந்து. மூன்று வாரத்துக்கு முன்னால் யாழினி என்னிடம் வந்தாள்.

“மேம், கொழுப்பு நமக்கு எதிரி இல்ல. இப்ப அவங்களுக்கு அதுதான் வேணும். புரோட்டீனும் வேணும். ரெண்டையும் தொடவே மாட்டேங்கறாங்க. வெறும் ரசஞ்சோறு நாலு வாய், முடிஞ்சது. வெள்ளை அட்டை கொடுத்து, தேங்காய் போட்ட கறி தனிக் கிண்ணத்துல வெக்கச் சொல்லியிருக்கேன். அப்படியே திரும்பி வருது. உங்க ஃப்ரெண்டுதானே? நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்.”

நான் தலைவி, ஒரு உறுப்பினரிடம் மட்டும் தனியாகப் பேசினால் அது பாரபட்சம் என்று விளக்கினேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நடைமுறை என்றால் புரிவதில்லை. “இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சா அவங்க பையன் புனேக்குக் கூட்டிட்டுப் போயிடுவாராம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். சும்மா பயமுறுத்துகிறாள் என்று விட்டுவிட்டேன். புனேயில் நான்காவது மாடி, ஒரு அறை, மருமகள். அங்கே இவள் அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? போகமாட்டாள். அவளாவது போவதாவது.

வந்துவிட்டது பாருங்கள். பரிமாறுகிறவள் சரோஜா, நல்ல பெண். சரோஜா, இவர்களுக்கு எல்லாம் தாராளமாகப் போடு, வெள்ளை அட்டை. என்ன இது, சொதியா? அட. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுச் செய்வது. திருநெல்வேலிக்காரர்கள் கல்யாணத்துக்கு மறுநாள் செய்வார்களாம். மாரியப்பனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே ஆவுடைதான், அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு. இரண்டாம் பால் முதலில், முதல் பால் கடைசியில், கொதிக்க விட்டால் திரிந்துவிடும் என்று அவரைப் பாடாகப் படுத்தினாள். சாப்பிட்டுப் பாருங்கள். இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொள்ள வேண்டும். ம். நன்றாக இருக்கிறது. உப்பு கம்மி.

சாப்பிடுங்கள், நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். உங்களைப் பற்றிக் கேட்கவே இல்லையே. எந்த வீட்டைக் காட்டினார்கள்? கீழே இருக்கிற மூலை வீடா? அது வேண்டாம், ஜெனரேட்டர் சத்தம்.

இரண்டாம் மாடியா? இரண்டாம் மாடியில் காலி வீடு ஏது?

பன்னிரண்டு.

நன்றாக ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டா, பதினொன்றா? பதினொன்று என்னுடையது. வாசலில் வாளியில் ஒரு செடி இருந்ததா? அதற்கு எதிர்வீடா?

மாதக் கடைசியில் காலியாகும் என்று சொன்னார்களா. யார் சொன்னது, மேலாளரா? ஞாயிற்றுக்கிழமை மகன் வருகிறாரா. ஓ. உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாளைக்கு வந்தவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சரிதான். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

நல்ல வீடு. காலை வெயில் வரும். நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுக்களை ஜன்னல் மட்டும் சரியாகச் சாத்தாது.

தூணுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்கள். எனக்கு இவ்வளவு தூரம் சரியாகத் தெரிவதில்லை. அவள் முன்னால் ஒரு கிண்ணம் இருக்கிறதா? சொதிதான். நிறைய இருக்கிறதா, குறைந்திருக்கிறதா? விளிம்பு வரை இருக்கிறதா. அவள் சொல்லிக்கொடுத்த சொதி. நாலு வாய் ரசஞ்சோறு தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், இல்லையா? கார்டு பேசிக்கொண்டிருக்கிறாரா? பேசுவார்.

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். முட்டி பிடித்துக்கொண்டால் எழுந்திருக்க நேரமாகிறது. இல்லை, கை கொடுக்க வேண்டாம், கையில் என் சொதிக் கிண்ணம் இருக்கிறது.

குழுத் தலைவி எந்த மேசைக்கும் போய் மேற்பார்வை பார்க்கலாம். விதியிலேயே இருக்கிறது. மேற்பார்வைக்குத்தான் போகிறேன்.

புதுக் கிண்ணத்தில் கேட்டு வாங்கித் தரட்டுமா என்கிறீர்களா? வேண்டாம். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் புதுக் கிண்ணத்தை அவள் தொடமாட்டாள், மூன்று வாரமாகத் திரும்பிப் போகிறதே. இதில் நான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டேன். இதுதான் சரி.

பலகையையா பார்க்கிறீர்கள்? தட்டு விட்டுத் தட்டு என்றுதான் எழுதியிருக்கிறேன். கிண்ணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது.